இரண்டாம் மாடியில் அலைக் கசிவு

சௌபாக்கியா ரெசிடென்சியில் குழாயில் தண்ணீர் வராமல் போனால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, லாரிக்குச் சொல்லிவிடுவார்கள். வந்த தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கினால்தான் கூட்டம் கூட்டுவார்கள். உரிமையாளர் நலச் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் லிஃப்டுக்கு அரைப் பக்கம், தீ விபத்துக்கு இரண்டு வரி, கசிவுக்கு மட்டும் தனி அத்தியாயம். குடிவந்த வாரத்திலேயே அந்த அத்தியாயத்தை அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். ஆனால் கசிவு என்றால் தண்ணீர்க் கசிவு என்று நானாக எடுத்துக்கொண்டேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. அது என் தவறுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். வேலை முடிந்ததும் குமணன்சாவடியில் டயர் கடைக்கு மேலே நடக்கும் ஜப்பானிய மொழி மாலை வகுப்புக்குப் போவேன். வாய்மொழித் தேர்வில் தேறியவர்களை எங்கள் கம்பெனி ஜப்பான் வாடிக்கையாளர்களோடு பேசும் பிரிவுக்கு மாற்றிவிடும். ஸ்டோர்ஸில் நான் பேசுவது அட்டைப் பெட்டிகளோடு. அவை பதில் பேசாததுகூடப் பரவாயில்லை. நான் சொன்னது சரியா தவறா என்று ஒரு தலையாட்டல்கூட இல்லாததுதான் எனக்குக் கஷ்டம்.

"இந்தத் தடவை ஓரல் எக்ஸாம் வீடியோலதான்," என்றார் எங்கள் ஆசிரியை ரோஷினி. "அவங்கவங்க வீட்ல தனி ரூம். மூடின கதவு. உள்ள வேற யாரும் இருக்கக் கூடாது. நடுவுல நெட் போச்சுன்னா ஃபெயில். மறுபடி எழுதணும்னா அடுத்த வருஷம்தான்."

நாங்கள் இருப்பது பட்டாபிராமுக்கும் நெமிலிச்சேரிக்கும் நடுவில். எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்கும் இடம் பால்கனியின் வலது மூலை ஒன்றுதான். அதுவும் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தால். ஆகவே வைஃபை போடுவதென்று முடிவு செய்தேன். கூடத் தங்கியிருக்கும் ஆக்னஸ், "இதுக்கு எதுக்குட்டி இவ்ளோ யோசிக்க? போன் போட்டா வந்து மாட்டிட்டுப் போவான்," என்றாள். அவள் தூத்துக்குடிக்காரி. ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தயங்காமல் ஊசி குத்துவாள்.

நான் மூன்று கம்பெனிகளை எடுத்துக்கொண்டு, வேகம் எப்படி, மழையில் நிற்குமா, புகார் சொன்னால் வருவார்களா என்று கட்டம் போட்டு ஒப்பிட்டேன். முடிவுக்கு வர முடியாமல் மூன்றுக்கும் போன் செய்தேன். முதல் நாள் சிவப்பு டீ ஷர்ட்டில் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெயர் துலுக்கானம். மறுநாள் இரண்டாவது கம்பெனியிலிருந்து பச்சை டீ ஷர்ட்டில் துலுக்கானம் வந்தார். அதற்கு மறுநாள் நீலம்.

"அண்ணா, நீங்க எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு இவன்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"மூணுல எது நல்லதுங்க?"

"இன்னாம்மா, படிச்ச பொண்ணா கீறே. மூணும் ஒரே கம்பம், ஒரே ஒயரு. ஒயர்ல ப்ராப்ளம்னா மூணு பேருக்கும் நான்தான் வரணும். சொக்கா மட்டும்தான் வேற. உனுக்கு எந்தக் கலர் புடிக்கும், அத்த சொல்லு."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசித்தேன். நீலம் என்று சொன்னேன்.

ஒயரை மாடிக்குக் கொண்டுவரச் சங்கத்தின் அனுமதி வேண்டும். செயலாளர் சம்பந்தம், ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு நட்டுகூட வெளியே போனதில்லை என்பார்கள். துலுக்கானத்தின் ஒயரை வாங்கி, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "ஒயருக்கு ஆட்சேபணை இல்ல," என்று அனுமதித்தார். 'ஒயருக்கு' என்று அவர் அழுத்திச் சொன்னதை நான் கவனிக்கவில்லை.

பெட்டியை ஹால் சுவரில் மாட்டி முடித்ததும் துலுக்கானம், "பேரு இன்னா வைக்கட்டும்?" என்றார்.

"மத்தவங்கல்லாம் என்ன வைப்பாங்க?"

"எவன் வைக்கிறான்? கம்பெனி நம்பர் வரும், அப்டியே உட்ருவானுங்க."

எனக்கு அது ஒழுங்கில்லாததாகப் பட்டது. "டூ சி லாவண்யா" என்று வைக்கச் சொன்னேன். வீட்டு எண்ணும் இருக்கும், ஆளும் தெரியும். ஸ்டோர்ஸில் ஒரு பெட்டிகூட லேபிள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் நெட் வந்தது. ரோஷினி டீச்சரை வீடியோவில் அழைத்துப் பேசிப் பார்த்தேன். மூன்று தவறு சொன்னார். சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை கீழ்வீட்டுப் பார்த்தசாரதி கதவைத் தட்டினார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் செல்போனைப் பிரசாதத் தட்டுபோல் ஏந்தியிருந்தார்.

"லாவண்யா, உங்க வைஃபை எங்க ஹால்ல இறங்குதும்மா."

"என்ன அங்கிள்?"

"பாரு. டூ சி லாவண்யா. டிவி கிட்ட நின்னா நாலு கோடு. கிச்சன்ல மூணு. பூஜை ரூம்ல ரெண்டு. பூஜை ரூம் வரைக்கும் வந்திருக்கு."

"வைஃபைன்னா அப்படித்தான் அங்கிள் வரும்."

"தண்ணியும் அப்படித்தான் வரும்."

"பாஸ்வேர்டு தரட்டுங்களா அங்கிள்? நீங்களும் யூஸ் பண்ணிக்கலாம்," என்றேன்.

அவர் முகம் மாறியது. "மேல்வீட்டுத் தண்ணி ஒழுகுதுன்னு வந்தா, பக்கெட் கொடுத்துப் புடிச்சுக்கச் சொல்லுவியா?"

சனிக்கிழமை மாலை கார் நிறுத்தும் இடத்தில் செயற்குழு கூடியது. வாடகைக்கு இருப்பவர்கள் வரலாம், உட்காரலாம், கேட்டால் மட்டும் பேசலாம். தலைவர் ராஜசேகரன் மைக்கை வாங்கினார். அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினால் மைக் தேவையிருக்கவில்லை. ஆனால் மைக் சங்கத்துக்குச் சொந்தமானது.

"முதல்ல ஒண்ணு தெளிவுபடுத்திடறேன். நம்ம சங்கம் டெக்னாலஜிக்கு எதிரி இல்ல. இந்த ஏரியாவிலேயே முதல்ல சிசிடிவி கேமரா வச்சது யாரு? நாம. அந்தக் கேமரா இன்னிக்கு வரைக்கும் யாரையாவது தப்பாக் காட்டியிருக்கா? யாரையுமே காட்டினதில்ல. ஏன்னா இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கல. அவசரப்பட மாட்டோம், அதுதான் நம்ம பெருமை. அடுத்தது இந்த வைஃபை. வைஃபைன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். தெரியாததுனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. தெரிஞ்ச ஒருத்தர் இந்த நாற்காலில உக்காந்தார்னா, உண்மை இருக்கிற பக்கமா சாஞ்சிடுவார்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருக்க அனுமதி உண்டா என்று தெரியவில்லை.

எதிர் வீட்டு ஜமீலா அக்கா எழுந்தார். சொந்த வீட்டுக்காரர் என்பதால் அவர் பேசலாம். "எல்லார் வீட்லயும்தானே வைஃபை இருக்கு? அந்தப் பொண்ணை மட்டும் ஏன் கேக்கறீங்க?"

சம்பந்தம் தன் போனை உயர்த்திக் காட்டினார். "இருக்கும்மா. பதினஞ்சு இருபது தெரியுது. ஆனா எல்லாம் நம்பரா இருக்கு. யார் வீட்டுதுன்னு சொல்ல முடியாத கசிவு, கட்டடத்தோட கசிவு. பேர் போட்டு வர்ற கசிவு இது ஒண்ணுதான்."

தலைவர் இன்னும் தெளிவாக்கினார். "ஓனர் வீட்ல கசிஞ்சா அது கட்டட அமைப்பு. டெனன்ட் வீட்ல கசிஞ்சா அது அலட்சியம். இதுல பாரபட்சமே கிடையாது."

நான் கையைத் தூக்கினேன். பேச அனுமதித்தார்கள். "சார், பேரை எடுத்துட்டு நம்பராவே மாத்திடறேன்."

"அது தடயத்தை அழிக்கறது," என்றார் சம்பந்தம். கோபமாக அல்ல. ஒரு பிள்ளைக்கு மின்சாரத்தைத் தொடாதே என்று சொல்வதுபோல.

முடிவு எழுதப்பட்டது. கசிவு அத்தியாயத்தின்படி வீட்டில் குடியிருப்பவர் தன் செலவில் கசிவை நிறுத்த வேண்டும். செயலாளர் வந்து பரிசோதிப்பார். நிற்கவில்லை என்றால் ஒயரை அறுத்துவிடலாம். தேர்வு இன்னும் இரண்டு வாரத்தில் இருந்தது.

முதல் பரிசோதனைக்குச் சம்பந்தம் சாக்பீஸோடு வந்தார். கீழ்வீட்டுக் கூரையின் அடியில் ஸ்டூல் போட்டு ஏறி, போனைப் பிடித்து, நாலு கோடு விழும் இடத்தையெல்லாம் வட்டம் போட்டார். எங்கள் ஹாலில் எந்த இடத்துக்கு நேர் கீழே அது வருகிறது என்று அளந்து, தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்கதான் இறங்குது. டைல்ஸ் இடுக்கு வாய் திறந்து கீது பாரு," என்று உடன் வந்த பிளம்பர் சொன்னார்.

இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் அடைத்தார்கள். சிமெண்ட் இறுகும்வரை ஹாலில் நடக்கக் கூடாது என்றார்கள். நானும் ஆக்னஸும் சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் பால்கனி வழியாகச் சுற்றிப் போனோம். சிமெண்ட் காய்ந்ததும் கீழே போய்ப் பார்த்தார் சம்பந்தம். நாலு கோடு. "நல்ல சிமெண்டாச்சே," என்று வருத்தப்பட்டார். மேலே வாட்டர்ப்ரூஃப் கலவை ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அப்போதும் நாலு கோடு.

"ஆன்டெனாவை மேல் பக்கமாத் திருப்பிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

திருப்பிய மறுநாள் மூன்றாம் மாடியிலிருந்து புகார் வந்தது. சம்பந்தம் தலையைச் சொறிந்தார். "கீழ்வீட்லேர்ந்து மேல்வீட்டுக்குக் கசியறது இந்தக் கட்டடத்துலயே முதல் தடவை," என்றார். அவர் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. போனைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடி வரை ஏறினார். அங்கே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கோடு விழுந்தது. உடனே தலைவருக்குப் போன் போனது. தொட்டிக்குள் இறங்கினால் எல்லா வீட்டுக் குழாயிலும் வருமே என்று தலைவர் கேட்டாராம். அன்று மாலைக்குள் தொட்டி மூடிகளைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். பார்த்தசாரதி அங்கிள் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கியதாக ஜமீலா அக்கா சொன்னார்.

"ஏதாவது ஒரு வழி சொல்லுங்க சார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை எக்ஸாம்," என்றேன். சம்பந்தம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"உன்மேல எனக்கு என்னம்மா கோபம்? உன் எக்ஸாம் நடக்கணும். கசிவும் நிக்கணும். ரெண்டும் வேணும் எனக்கு."

அடுப்படியிலிருந்து ஆக்னஸ் தலையை நீட்டினாள். "பேசாம பீரோக்குள்ள வச்சுப் பூட்டிருங்க சார். இரும்புதானே. ஈ, எறும்புகூட வெளிய வராது."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். சம்பந்தம் மெல்ல எழுந்து படுக்கையறைக்குப் போனார். ஆக்னஸின் இரட்டைக் கதவுப் பீரோவைத் தட்டினார். கதவைத் திறந்து மூடினார். இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை.

"இதுதாம்மா தரமான பொருள்," என்றார்.

துலுக்கானம் பீரோவின் முதுகில் ஒயர் நுழைய ஓட்டை போட்டார். கரண்டுக்கு ஒன்று, நெட்டுக்கு ஒன்று, இரண்டு ஒயருக்கு அளவாக. சம்பந்தம் அந்த ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு அளந்து, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்தார். பெட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும், போனோடு கட்டடம் முழுக்க நடந்தார். கீழே இல்லை. மேலே இல்லை. மொட்டைமாடியில் இல்லை. எங்கள் ஹாலில் இல்லை. பீரோ நிற்கும் அறையிலேயே இல்லை.

"சார், எங்களுக்கும் வரலியே," என்றேன்.

"அதுதாம்மா முழு வெற்றி," என்றார். கையை நீட்டிக் குலுக்கினார். சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக ஒரு பொருள் பாஸானதைத் தான் பார்த்ததில்லை என்றார். கதவிடுக்கில் ஒரு காகிதச் சீலை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். மாலையில் தலைவரே வந்து, 'மேற்படி வீட்டில் கம்பியில்லா அலை எந்த இடத்திலும் இல்லை' என்ற சான்றிதழைச் சால்வையோடு கொடுத்தார். சால்வையைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னார்.

துலுக்கானத்தைப் பிடித்தேன். "அண்ணா, பெட்டிலேர்ந்து லேப்டாப்புக்கு நேரா ஒரு ஒயர் போட்டா?"

"உன் லேப்டாப்ல அந்த ஓட்டையே இல்லியேம்மா. அதுக்குத் தனியா ஒரு பின்னு வாங்கணும். வாங்கினாலும் ஒயரு வெளிய வர பீரோல ஓட்டை வேணும். சம்பந்தம் சார் கைல கேட்டுக்கோ."

சம்பந்தம் சாரிடம் கேட்டேன். ஓட்டை இரண்டு ஒயருக்குப் பரிசோதிக்கப்பட்டது, மூன்றாவது ஒயர் என்றால் புது ஓட்டை, புது ஓட்டை என்றால் பொதுக்குழு, பொதுக்குழு பொங்கலுக்கு அப்புறம் என்றார்.

அன்றிரவு கட்டிலில் உட்கார்ந்து பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விதிப்புத்தகத்தை எடுத்தேன். கசிவு அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவையும் படித்தேன். காலையில் சம்பந்தம் சாரிடம் போய்க் கேட்டேன்.

"சார், அலை பீரோவை விட்டு வெளிய வரக் கூடாதுன்னுதானே இருக்கு. ஆள் பீரோவுக்குள்ள போகக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். "இல்லியே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைவரின் கையெழுத்தோடு பழைய சீல் பிரிக்கப்பட்டதும் ஆக்னஸ் தன் புடவைகளைக் கட்டிலில் அள்ளிப் போட்டாள். மாட்டியிருந்த சுடிதார்களை மட்டும் எடுக்க நேரமில்லை. கீழ்த்தட்டில் தலையணை போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். சம்பந்தம் சார் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"மூச்சு முட்டாதா சார்?" என்று ஆக்னஸ் கேட்டாள்.

"காத்துக்கு ஓட்டை போட்டா அலைக்கும் ஓட்டைதாம்மா. நான் அப்பப்போ தட்டறேன். அவ ஒரு தட்டு தட்டினா உயிரோட இருக்கான்னு அர்த்தம்."

"தட்டலைன்னா?"

"சீலை உடைக்கணும். தலைவர் கையெழுத்து வேணும். பால்கனி மூலைக்குப் போய்ப் போன்ல கேட்டுக்கலாம்."

கதவு சாத்தப்பட்டது. சீல் ஒட்டும் சத்தம் கேட்டது. இருட்டில் பெட்டியின் பச்சை விளக்கு என் காதோரம் மினுக்கியது. போனில் பார்த்தேன். நாலு கோடு. வாழ்க்கையில் அவ்வளவு பலமான நெட்டை நான் பார்த்ததில்லை.

தேர்வாளர் ஜப்பானிலிருந்து பேசிய வயதான பெண்மணி. சாந்தமான முகம். பெயர், ஊர், வேலை கேட்டார். சரியாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "இப்போது நீங்கள் இருக்கும் இடத்தை வர்ணியுங்கள்," என்றார்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடமான கேள்வி அது. புத்தகத்திலேயே விடை உண்டு: என் அறை வெளிச்சமானது, ஜன்னல் இருக்கிறது, வெளியே ஒரு மரம். ஆனால் என் தலைக்குப் பின்னால் ஆக்னஸின் மஞ்சள் சுடிதார் தொங்கிக்கொண்டிருந்தது. தேர்வில் பொய் சொன்னால் மதிப்பெண் குறையுமோ என்று பயம் வந்தது. உண்மையைச் சொன்னேன்.

"நான் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறேன். இங்கே ஜன்னல் இல்லை. என் தோழியின் உடைகள் இருக்கின்றன."

அவர் புன்னகை செய்தார். "நான் கேட்டது உடைகள் இருக்கும் இடத்தை அல்ல. நீங்கள் இருக்கும் இடத்தை."

"இரண்டும் ஒன்றுதான், அம்மா."

அப்போது டொக் டொக் என்று பீரோ அதிர்ந்தது. நான் திருப்பி ஒரு தட்டு தட்டினேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா?"

"உள்ளே இல்லை. வெளியே எங்கள் சங்கத்தின் செயலாளர் இருக்கிறார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கிறார்."

"அவர் ஏன் அப்படிக் கேட்க வேண்டும்?"

"அலமாரி பூட்டியிருக்கிறது. அலை கீழ்வீட்டுக்குள் ஒழுகக் கூடாது என்பது தீர்மானம்."

'தீர்மானம்' என்ற சொல்லைப் போன வாரம்தான் படித்திருந்தேன். சரியான இடத்தில் வந்து விழுந்தது. அதற்காக உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு ரயில் நேரம், காய்கறிக் கடை, வானிலை என்று மீதிக் கேள்விகளைக் கேட்டு முடித்தார். எதிலும் நான் திக்கவில்லை. நெட்டும் அறுந்துபோகவில்லை.

கதவு திறந்ததும் சம்பந்தம் சார் முதலில் பால்கனி மூலைக்குப் போய்க் கீழ்வீட்டுக்குப் போன் போட்டார். "வந்துதா சார்? ஒரு கோடுகூட இல்லியா?" வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாஸ்," என்றார்.

அடுத்த வாரம் தேர்வு மையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மற்ற எல்லாப் பகுதிகளிலும் தேறியிருக்கிறேன். ஆனால் இடத்தைப் பற்றி நான் சொன்ன விடை ஐயத்துக்குரியது. தட்டும் ஓசை பதிவாகியிருப்பதால் முடிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன இடத்தில் தனியாக இருந்தேன் என்று கட்டட நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி அனுப்பினால் போதும். ஒருவேளை கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு விடை சொல்லியிருந்தால், அறையின் சரியான வர்ணனையை எழுதி அனுப்பலாம், மன்னித்து ஏற்றுக்கொள்வார்கள்.

நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். என் வாழ்க்கையில் ஒரு செயலுக்கு இவ்வளவு உறுதியான சாட்சி இருந்ததில்லை.

தலைவர் வீட்டில் செயலாளரும் இருந்தார். மின்னஞ்சலை மொழிபெயர்த்துச் சொன்னேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நம்ம சங்கத்தோட பேர் ஜப்பான் வரைக்கும் போயிருக்கு," என்றார் மெல்ல. "ஆண்டறிக்கைல போட்டுக்கறோம். ஆனா இந்த லெட்டர் கொடுக்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"உங்க வீட்ல எந்த இடத்துலயும் அலை இல்லைன்னு நாமதான் சர்டிபிகேட் கொடுத்திருக்கோம். அலையே இல்லாத வீட்ல நீ எப்படி வீடியோல எக்ஸாம் எழுதியிருக்க முடியும்?"

"பீரோவுக்குள்ள இருந்துது சார்."

"எந்த இடத்துலயும்னு போட்டிருக்கு. பீரோ நீங்கலான்னு போடலையே. இப்ப நான் உனக்கு லெட்டர் கொடுத்தா, சர்டிபிகேட் பொய்யாயிடும். சர்டிபிகேட் பொய்னா, கசிவு இருக்குன்னு ஆயிடும். கசிவு இருந்தா உன் ஒயரை வெட்டணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நான் சம்பந்தம் சாரைப் பார்த்தேன். "சார், நீங்கதானே வெளிய நின்னு தட்டினீங்க."

அவர் தரையைப் பார்த்தார். உண்மையாகவே கஷ்டப்பட்டார் என்று சொல்ல வேண்டும். "தட்டினேம்மா. மனுஷனாத் தட்டினேன். செயலாளரா எனக்குத் தெரிஞ்சது, சர்டிபிகேட்ல இருக்கறது மட்டும்தான்."

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பால்கனியின் வலது மூலைக்குப் போனேன். போனைக் கொடிக்கு வெளியே பிடித்துக்கொண்டு ஆக்னஸ் நின்றாள். தேர்வு மையத்துக்கு எழுதினேன்: கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டேன், மன்னிக்கவும். என் அறை வெளிச்சமானது. ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறது. காலையில் அதில் பறவைகள் வந்து உட்காரும்.

ஆக்னஸ் எட்டிப் பார்த்தாள். "இது என்னன்னு எழுதியிருக்க?"

தமிழில் சொன்னேன்.

அவள் வெளியே பார்த்தாள். எதிரில் அடுத்த கட்டடத்தின் கழிவறைக் குழாய்கள் வரிசையாக இறங்கின. "எந்த மரம்ட்டி?"

"போனை அசைக்காதே. போய்க்கிட்டிருக்கு," என்றேன்.

மறுநாள் மதியமே முடிவு வந்தது. தேறியிருந்தேன். கீழே தேர்வாளர் தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: முதலில் சற்றுக் குழப்பம் இருந்தாலும், தான் இருக்கும் இடத்தை இவர் எழுத்தில் மிக உண்மையாக வர்ணித்திருக்கிறார்.